கண்ணின் ஐயமும் சொல்லின் ஐயமும்: மாணவர் ரோபோப் போட்டி விதிகள் – கேள்வி பதில்

கேள்வி: ஃபேர்ஸ்ட் லெகோ லீக் (மாணவர் குழுக்களின் ரோபோக்கள் மேசையில் பொருள்களை நகர்த்திப் புள்ளி பெறும் போட்டி) விதிகளின்படி நடந்த பயிற்சிப் போட்டியொன்றில், ரோபோ நகர்த்திய கட்டை எல்லைக் கோட்டுக்கு உள்ளே நின்றதா வெளியே நின்றதா என்ற தகராறு எழுந்தது. நான் கைபேசியில் எடுத்த காணொளியை நடுவர் பார்க்கவே மறுத்துவிட்டார். இது நியாயமா?
– ஆசிரியை, பம்பலப்பிட்டி

பதில்: மறுத்தது சரியே. ஒரு குழுவின் ஆசிரியர் நல்ல கோணத்தில் நின்று படம் எடுத்திருப்பார். அடுத்த மேசையில் ஆடிய குழுவுக்குப் படம் எடுக்க ஒருவரும் இருந்திருக்கமாட்டார். காணொளியை ஏற்றுக்கொண்டால் கைபேசி இருந்த குழுவுக்கு மட்டுமே மறுபரிசீலனை கிடைக்கும்.

ஆனால் உங்கள் மாணவருக்கு வேறொரு பாதுகாப்பு இருந்தது. கோட்டின் தடிப்பளவிலோ கணப்பொழுதிலோ நிகழ்ந்ததை நடுவரால் உறுதியாகச் சொல்ல முடியாதபோது, ஐயத்தின் பலன் குழுவுக்கே போகவேண்டும் என்பது அந்தப் போட்டியில் நெடுங்காலமாக உள்ள நெறி. இது கண்ணின் ஐயத்துக்கு மட்டுமே பொருந்தும். கட்டை எங்கே நின்றது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்து, 'முழுமையாக உள்ளே' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் மட்டும் கருத்து வேறுபட்டால், அது சொல்லின் ஐயம். அதற்கு விதிநூலின் விளக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டுமே தவிர, இரக்கத்தால் புள்ளி வழங்கக் கூடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நம் மேசைகளில் பெரும்பாலான தகராறுகள் எழுகின்றன என்பது என் அனுபவம்.

இரண்டரை நிமிட ஆட்டம் முடிந்ததும், மேசையிலுள்ள எதையும் தொடாமல், மாணவர்களே நடுவருடன் நின்று ஒவ்வொரு புள்ளியையும் சரிபார்க்க வேண்டும். கேள்வி கேட்கவேண்டிய நேரம் அதுதான். கேட்கவேண்டியவர்களும் அவர்களே, நீங்கள் அல்ல. பொருள்கள் அடுத்த ஆட்டத்துக்காக மீள அடுக்கப்பட்டபின் எந்த நடுவராலும் நியாயம் வழங்க இயலாது.

கேள்வி: வேர்ல்ட் ரோபோட் ஒலிம்பியாட் போட்டிக்கான எங்கள் ரோபோவின் உடல் அளவுக்குள் அடங்குகிறது, வயர் மட்டும் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பரவாயில்லையா?
– மாணவன், கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை, தம்பி. அந்தப் போட்டியில் ரோபோ தானாகவே மேசையில் பணிகளை முடிக்கும் ரோபோமிஷன் பிரிவில் தொடக்க அளவு 250 × 250 × 250 மில்லிமீற்றர். வயரும் அதற்குள் அடங்க வேண்டும். ஆட்டம் தொடங்கியபின் ரோபோ விரிந்துகொள்ளலாம். பரிசோதனையில் பிழை கண்டால் திருத்துவதற்கு மூன்று நிமிடம் தருவார்கள். ஆகவே வயரைக் கட்டும் பட்டி ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: விதிநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது, என் மேசைக்கு வரும் பிள்ளைகளோ தமிழ்மொழி மூலத்திலும் சிங்களமொழி மூலத்திலும் படிப்பவர்கள். புதிதாக நடுவராகும் நான் எப்படி விளக்குவது?
– தொண்டர் நடுவர், வெள்ளவத்தை

பதில்: பல ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் நடந்த பாடசாலைப் போட்டியொன்றில், ஒரு பொருள் முழுமையாக வட்டத்துக்குள் இருக்கவேண்டும் என்ற விதியை, "உள்ளே இருந்தால் போதும்" என்று நான் தமிழில் சொல்லிவிட்டேன். பாதி உள்ளே வைத்த இரண்டு குழுக்கள் என் சொல்லை நம்பிப் புள்ளி இழந்தன. அந்தப் பிள்ளைகளின் முகங்கள் இன்னும் என் நினைவில் இருக்கின்றன.

அதன்பின் நான் கைக்கொள்ளும் முறையைச் சொல்கிறேன். போட்டிக்கு முந்திய நாள் நடுவர்கள் கூடி, 'தொடுதல்', 'தாங்கப்படுதல்', 'முழுமையாக' போன்ற பத்துப் பன்னிரண்டு சொற்களுக்கு மூன்று மொழிகளிலும் ஒரே விளக்கத்தை எழுதிக்கொள்வோம். ஆட்டத்தின் பொருள்களை மேசையில் வைத்து, எது புள்ளி பெறும், எது பெறாது என்று பிள்ளைகளுக்குக் காட்டுவோம். மூல வாசகமே இறுதியானது என்பதையும் முன்கூட்டியே அறிவிப்போம்.

போட்டியின் நடுவில் உங்கள் பிழையை உணர்ந்தால், சத்தமின்றி அடுத்த குழுவிலிருந்து திருத்திக்கொள்ள வேண்டாம். அந்தக் கணமே தலைமை நடுவரிடம் சொல்லுங்கள். புள்ளித்தாளைக் கொண்டே சரிசெய்ய முடியுமா, பாதிக்கப்பட்ட குழுக்கள் மீண்டும் ஆடவேண்டுமா என்பதை அவர் முடிவுசெய்து, எல்லாக் குழுக்களுக்கும் ஒரே நேரத்தில் அறிவிக்கட்டும்.