ஊசி குத்தினால் விழுந்த கை எழும்புமா?

பாரிசவாதத்துக்குப் பிறகு அக்குபங்சர் என்ற சீன ஊசிச் சிகிச்சை செய்வது பற்றி மலையகத்தின் பல பக்கங்களிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. அவற்றில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

தலவாக்கலை வாசகி: அம்மாவுக்கு 54 வயது, கொழுந்து எடுப்பவர். ஏழு வாரத்துக்கு முன் மூளையில் இரத்தக் குழாய் அடைத்து வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கை மட்டும் அப்படியே கிடக்கிறது. பத்துத் தடவை ஊசி குத்தினால் கை பழையபடி வரும் என்று ஒரு நிலையத்தில் சொல்கிறார்கள். நம்பலாமா?

"பழையபடி வரும்" என்று முதல் நாளே உறுதி தருகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மூளையில் எந்த இடம், எவ்வளவு பழுதுபட்டது என்பதை வைத்துத்தான் கை எவ்வளவு திரும்பும் என்பது பெரும்பாலும் அமையும். செத்துப்போன மூளைக் கலங்களை எந்த ஊசியும் உயிர்ப்பிக்காது. மிஞ்சியிருக்கும் கலங்கள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்வதால்தான் அசைவு திரும்புகிறது. பழக்குவது பயிற்சி, அதுவும் ஒரே அசைவை நாளுக்குப் பல தடவை, திரும்பத் திரும்பச் செய்வது. முதல் மூன்று மாதம் வேகமாகத் திரும்பும் காலம். பிறகு வேகம் குறையும், ஆனால் கதவு அடைபடுவதில்லை. உங்கள் அம்மா அந்தப் பொன்னான காலத்தின் நடுவில் இருக்கிறார். அதனால் ஆஸ்பத்திரி பிசியோதெரபி கிளினிக்கை ஊசிக்காக ஒருநாளும் தவறவிடாதீர்கள்.

அப்படியானால் ஊசி எதற்கு? சிலருக்கு வலியும் தசை இறுக்கமும் குறைகின்றன. குறைந்தால் பயிற்சி செய்வது இலகுவாகும். அவ்வளவுதான் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது. கொக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு 2016 இல் வெளியிட்ட மீளாய்வு 31 ஆய்வுகளை, 2,257 நோயாளரை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. சில நன்மைகள் தெரிந்தன. ஆனால் ஆய்வுகளின் தரம் குறைவு என்பதால் உறுதியான முடிவுக்கு வர முடியவில்லை. அதே ஆண்டில் வந்த, பாரிசவாதத்துக்குப் பிந்திய சிகிச்சைக்கான அமெரிக்க வழிகாட்டி, கைச் செயற்பாட்டுக்காக அக்குபங்சரைப் பரிந்துரைக்கவில்லை. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்குத் துணைச் சிகிச்சையாக யோசிக்கலாம் என்றது.

முயன்று பார்க்க விரும்பினால் ஒரு கணக்கோடு தொடங்குங்கள். முதல் ஊசிக்கு முன் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: கையை முன்னால் எத்தனை செக்கன் உயர்த்தி வைக்கிறார், பெருவிரல் எந்த விரல் வரை தொடுகிறது, 30 செக்கனில் எத்தனை தடவை கதிரையிலிருந்து எழும்பி உட்காருகிறார், 10 மீற்றர் நடக்க எவ்வளவு நேரம். பத்து, பன்னிரண்டு தடவைக்குப் பிறகு அதே அளவுகளை எடுத்துப் பாருங்கள். ஊசி இல்லாமலும் இந்தக் காலத்தில் கொஞ்சம் முன்னேற்றம் வரும் என்பதை நினைவில் வையுங்கள். ஒன்றுமே மாறவில்லை என்றால் அத்தோடு நிறுத்துங்கள். இதற்காகத் தோட்டைக் கொண்டுபோய் அடகு வைக்க வேண்டாம்.

பசறை வாசகர்: மனைவிக்கு வலக்கை விழுந்திருக்க, தலையில் இடப்பக்கம் ஊசி குத்தினார்கள். பிழையாகக் குத்திவிட்டார்களா? ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம், எத்தனை ஊசி?

பிழை இல்லை. வலக்கையை ஆள்வது மூளையின் இடப்பக்கம். அதனால் தலை ஊசியில் எதிர்ப்பக்கத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். உச்சியிலிருந்து கன்னப்பொட்டுப் பக்கம் நோக்கிச் சரிந்து இறங்கும் ஒரு கோட்டை மனதில் வரைந்து, அதை ஐந்து கூறாக்குவார்கள். மேல் ஒரு கூறு காலுக்கு, நடு இரண்டு கூறு கைக்கு, கீழ் இரண்டு கூறு முகத்துக்கும் பேச்சுக்கும். ஊசி மண்டையோட்டுக்குள் போவதில்லை. தோலுக்கு அடியில் சாய்வாக இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் நுழைந்து அங்கேயே நிற்கும். ஊசி நிற்கும்போதே கையை அசைக்கச் சொல்வது இந்த முறையின் முக்கியமான பகுதி. அசைக்கச் சொல்லாமல் படுக்க வைத்துவிட்டுப் போனால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

உடம்பில் குத்தும் இடங்களில் இவை அடிக்கடி வரும்: பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதை (ஹெகு), முழங்கை மடிப்பின் வெளிக்கரை (சூச்சி), முழங்கால் சில்லுக்கு நான்கு விரல் கீழே முன்எலும்புக்கு ஒரு விரல் வெளியே (சூசான்லி). மொத்தம் பத்து முதல் இருபது ஊசி வரும். தடிப்பு கால் மில்லிமீற்றர் அளவு. 20 முதல் 30 நிமிடம் விட்டு எடுப்பார்கள். வழக்கமாக வாரத்துக்கு மூன்று நாள். ஊசி நின்ற இடத்தில் பாரம், விறுவிறுப்பு, மந்தமான உளைச்சல் தெரியலாம். மின்னல் வெட்டியதுபோல் கூரிய வலி ஓடினால் நரம்பில் பட்டிருக்கலாம். உடனே சொல்லுங்கள், ஊசியைப் பின்னிழுக்க வேண்டும்.

ஊசியில் மின்சாரக் கம்பி பூட்டித் தூண்டினால் இரண்டு விசயம். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு அது கூடாது. விரல்கள் முட்டியாக இறுகியிருப்பவருக்கு, மடக்கும் தசையில் பலமாகத் தூண்டாமல் முன்கையின் வெளிப்பக்கம், அதாவது நீட்டும் தசையில் தூண்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முட்டி இன்னும் இறுகக்கூடும்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள்; மயக்கம் வரும். முதல் தடவை படுத்த நிலையில்தான் செய்ய வேண்டும். ஊசிப் பக்கற் உங்கள் கண்முன்னே பிரிக்கப்பட வேண்டும், ஒரு தடவைக்கு மேல் பாவிக்கக் கூடாது. எத்தனை ஊசி குத்தினார்கள், எத்தனை எடுத்தார்கள் என்று எண்ணுங்கள். தலைமயிருக்குள் ஒன்று தங்கிவிடுவது நடக்கிற காரியம்.

மஸ்கெலியா வாசகி: அப்பா வார்பரின் குடிக்கிறார். ஊசி குத்தும் நாட்களில் குளிசையை நிறுத்தச் சொல்கிறார்கள்.

நிறுத்தக் கூடாது. அந்தக் குளிசைதான் அடுத்த அடைப்பைத் தடுக்கிறது. பிரஷர், கொலஸ்ட்ரோல் குளிசைகளுக்கும் இதே பதில். வார்பரின் குடிப்பவர்கள் பலருக்கு, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவை 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருப்பார்கள். கடைசி இரத்தப் பரிசோதனைத் துண்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கிளினிக்கில் குறித்துத் தந்த அளவைத் தாண்டியிருந்தால் அன்று ஊசி வேண்டாம். அளவுக்குள் இருந்தால் மெல்லிய ஊசி, ஆழம் குறைவு, எடுத்ததும் இரண்டு நிமிடம் பஞ்சால் அழுத்திப் பிடித்தல் போதும். அஸ்பிரின், குளோபிடோகிரல் குடிப்பவர்களும் இப்படியே. பிரஷர் 180க்கு 110ஐத் தாண்டிய நாளில் ஊசியைத் தள்ளிப்போட்டு டொக்டரைப் பாருங்கள். அடைப்பு இல்லாமல் மூளையில் இரத்தம் கசிந்தவர் என்றால், நிலைமை ஓய்ந்துவிட்டது என்று வார்ட் டொக்டர் சொல்லும்வரை யாரும் ஊசியோடு கிட்ட வரக் கூடாது.

உணர்ச்சி மரத்த பக்கத்தில் சுடு ஒத்தடமும் மூலிகைச் சூடும் ஊசியைவிட ஆபத்து. மலைக் குளிரில் கை இறுகும்போது சுடுதண்ணிப் போத்தலை வைக்கத்தான் மனம் சொல்லும். அவருக்குச் சுடுவது தெரியாது, தோல் கொப்பளித்த பிறகுதான் நீங்கள் பார்ப்பீர்கள். கம்பளிக் கையுறை போதும். சீனி வருத்தமும் இருந்தால் பாதத்தில் ஊசி குத்த விடாதீர்கள், புண் ஆறாது.

இறாகலை வாசகர்: பாரிசவாதம் வந்தவுடன் பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி இரத்தம் எடுத்தால் பிழைத்துவிடுவார் என்று போனில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா?

பொய். அந்தச் செய்தி ஆளைக் கொல்லக்கூடியது, ஏனென்றால் அது நேரத்தைத் தின்கிறது. வாய் கோணினால், ஒரு கை கீழே சரிந்தால், பேச்சுக் குழறினால் அந்த நிமிடமே 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். அதற்கு முன் சி.ரி. ஸ்கேன் எடுத்து, கசிவு இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். தோட்டத்து டிவிசனிலிருந்து மெயின் ரோட்டுக்கு வரவே எவ்வளவு நேரம் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். டொக்டர் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியாக நல்லாயிருந்தது எத்தனை மணிக்கு?" அதைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள். கிளினிக் கொப்பியையும் எடுங்கள். வாயில் தண்ணீரோ தேத்தண்ணியோ ஊற்றாதீர்கள், சுவாசப்பைக்குள் போய்விடும்.

ஹப்புத்தளை வாசகி: மாமியாருக்குக் கை விழுந்து நான்கு மாதம். இப்போது தோள் வலி தாங்க முடியவில்லை என்கிறார். கூரை வளையில் கயிறு போட்டு, நல்ல கையால் இழுத்து விழுந்த கையைத் தூக்கிவிடுகிறோம். ஊசி உதவுமா?

முதலில் அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். வலிக்குக் காரணமே அதுவாக இருக்கலாம். தோளைப் பிடித்து நிறுத்தும் தசைகள் தளர்ந்து, கை எலும்பு குழியிலிருந்து கீழே இறங்கி நிற்கிறது. தோள் முனைக்குக் கீழே விரலை வைத்துப் பாருங்கள், ஒரு பள்ளம் தட்டுப்படும். அந்த நிலையில் தலைக்கு மேலே இழுத்தால் எலும்புகளுக்கு இடையில் தசைநார் நசுங்கிக் கிழியும். கையைத் தோள் மட்டத்துக்கு மேல் தூக்க வேண்டாம்.

ஊசி சிலருக்கு இந்த வலியைக் குறைக்கும். ஆனால் தோளின் மேல் விளிம்பில் நேராக ஆழமாகக் குத்தினால் சுவாசப்பை துளைபடக்கூடும். ஊசிக்குப் பிறகு அன்றோ மறுநாளோ நெஞ்சில் குத்து, மூச்சு வாங்கல் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உட்காரும்போது மடியில் தலையணை வைத்து அதன்மேல் கையை வையுங்கள், தொங்க விடாதீர்கள். நல்ல பக்கம் சாய்ந்து படுத்தால் விழுந்த கைக்கு முன்னால் ஒரு தலையணை கொடுங்கள். எழுப்பும்போது அக்குளுக்குள் கைவிட்டுத் தூக்காமல் இடுப்பைப் பிடியுங்கள். இஸ்தோப்புப் படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோய்ப்பட்ட கால் முதலில். நீங்கள் அவருடைய பலவீனப் பக்கம், ஒரு படி கீழே நில்லுங்கள். சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள்.