பழைய காரை டிஸ்க் பிரேக்குக்கு மாற்ற என்னென்ன பாகங்கள், எந்த கிரீஸ் வேண்டும்?

டிஸ்க் பிரேக் என்பது சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டை இரு பக்கமும் பேடு (உரசும் பட்டை) கவ்வி நிறுத்தும் அமைப்பு. பழைய அம்பாசடர் போன்ற டிரம் பிரேக் வண்டியின் முன்பக்கத்துக்கு டிஸ்க், பேடை அழுத்தும் காலிப்பர், பேடு, அதைத் தாங்கும் பிராக்கெட், பிரேக் ஆயில் போகும் ஹோஸ், பெடலை மிதித்ததும் அந்த ஆயிலை அழுத்தி அனுப்பும் பொருத்தமான மாஸ்டர் சிலிண்டர் வேண்டும். பழைய சிலிண்டரில் டிரம்முக்கான வால்வு இருந்தால் அழுத்தம் கொஞ்சம் தங்கிவிடும். பேடு உரசிக்கொண்டே ஓடும்.

பலர் கோட்டை விடுவது கிரீஸில்தான். டிஸ்க்கின் சூடு ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) வழியே அதைச் சுழலவிடும் பேரிங்குக்குப் போகும். சாதா கிரீஸ் தோசைக்கல்லில் விட்ட நெய் மாதிரி இளகி வழியும். அதனால் பேரிங்குக்கு வெப்பம் தாங்கும் லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ். காலிப்பர் வழுக்கி நகரும் ‘பின்’ என்ற கம்பிக்கு சிலிக்கான் கிரீஸ். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் அங்குள்ள ரப்பர் ஊதிப்போகும்.

அப்புறம், ‘நிறைய அடைத்தால் நல்லது’ என்பது தவறு: மிதமிஞ்சினால் பேரிங்கே சூடாகும், கிரீஸை அடைத்துவைக்கும் ‘சீல்’ வளையத்தைத் தாண்டி டிஸ்க்கிலும் தெறிக்கும்.