நியூக்ளியர் மெடிசின் படித்த மகளுக்கு வேலை எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பி.எஸ்சி. நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜி முடித்து ஐந்து மாதம் ஆகிறது, எழுபது மருத்துவமனைகளுக்கு பயோடேட்டா அனுப்பியும் ஒரு பதில்கூட இல்லை, பேசாமல் வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் தயங்கித் தயங்கி இன்னொரு கேள்வி: கதிர்வீச்சோடு பழகும் வேலை என்றால் நாளைக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது சிக்கல் வருமா என்று. அதற்கும் வருகிறேன். முதலில் வேலை.

அந்த எழுபது மருத்துவமனைகளில் எத்தனையில் நியூக்ளியர் மெடிசின் துறை இருக்கிறது என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். பத்து இருந்தால் அதிகம் என்பது என் கணிப்பு. எக்ஸ்ரேயும் சிடி ஸ்கேனும் இல்லாத ஊர் இன்றைக்கு அபூர்வம். உடம்பில் செலுத்திய கதிரியக்க மருந்தை வைத்துப் படம் எடுக்கும் காமா கேமராவும் பெட் சிடியும் அப்படி இல்லை. துறையே இல்லாத மருத்துவமனையின் மனிதவளப் பிரிவில் இருப்பவருக்கு இந்தப் படிப்பின் பெயரே புரியாது. ரேடியாலஜி விண்ணப்பங்களோடு சேர்த்து ஓரமாக வைத்துவிடுவார். பதில் வராததற்கு மகளின் மதிப்பெண் காரணமில்லை, உங்கள் ராசியும் காரணமில்லை.

இந்தத் துறையில் எந்த ஊரில் வேலை இருக்கும் என்பதை மருந்தின் ஆயுள்தான் முடிவு செய்கிறது. பெட் ஸ்கேனுக்குப் போடும் எஃப்டிஜி மருந்தில் இருப்பது ஃப்ளோரின் 18. 110 நிமிடத்துக்கு ஒருமுறை அதன் கதிரியக்கம் பாதியாகிக்கொண்டே போகும். சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கி இயந்திரத்தில் தயாராகி, காரிலோ விமானத்திலோ வந்து, நோயாளியின் உடம்பில் ஏறும்வரை கடிகாரத்தோடு ஓட்டம்தான். அதனால் பெட் சிடி மையங்கள் சைக்ளோட்ரானிலிருந்து சில மணி நேரத்தில் எட்டக்கூடிய ஊர்களில்தான் குவிந்திருக்கும். காமா கேமராவுக்குப் பயன்படும் டெக்னீசியம் 99எம் வேறு மாதிரி. அதன் அரை ஆயுள் 6 மணி நேரம்தான் என்றாலும், அதைப் பெற்றெடுக்கும் மாலிப்டினம் 99க்கு 66 மணி நேரம். மாலிப்டினம் அடங்கிய ஜெனரேட்டர் ஒன்று வந்து இறங்கினால், சுமார் ஒரு வாரத்துக்குத் தினமும் காலையில் அதிலிருந்து டெக்னீசியத்தைக் கறந்துகொள்ளலாம். மாட்டைக் கறப்பது போலத்தான். அடுத்த நாள் மறுபடி சுரந்திருக்கும். எலும்பு, சிறுநீரகம், தைராய்டு, இதய ஸ்கேன்களுக்குப் பெரும்பாலும் இதுதான். ஆகவே காமா கேமரா கொஞ்சம் தள்ளி இருக்கும் ஊரிலும் பிழைத்துக்கொள்ளும். மகள் தேட வேண்டியது சென்னை, வேலூர், கோவை, மதுரை, திருச்சி, புதுச்சேரி. அப்புறம் பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி. சொந்த ஊரை விட்டு அனுப்பவே மனமில்லை என்றால் வங்கித் தேர்வே மேல். அதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

அனுப்பத் தயார் என்றால் நிலைமை நீங்கள் நினைப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. இங்கே டெக்னாலஜிஸ்ட்டை வைப்பதும் வைக்காததும் மருத்துவமனை நிர்வாகத்தின் இஷ்டம் இல்லை. 1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அதாவது ஏஇஆர்பி, உரிமம் தராமல் நாட்டில் எந்த நியூக்ளியர் மெடிசின் துறையும் இயங்க முடியாது. அந்த உரிமத்துக்குத் தகுதியுள்ள மருத்துவர், தகுதியுள்ள டெக்னாலஜிஸ்ட், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி ஆகியோர் இருந்தாக வேண்டும். எக்ஸ்ரே எடுக்கும் தம்பியை மூன்று நாள் பழக்கி இந்த நாற்காலியில் உட்கார வைக்க முடியாது. டெக்னாலஜிஸ்ட் ஒருவர் வேலையை விட்டுப் போனால் துறைத் தலைவருக்குத் தூக்கம் போய்விடும். அவர் விளம்பரம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க மாட்டார். தெரிந்த இன்னொரு மருத்துவரைக் கூப்பிட்டு, "உங்களிடம் படித்த பிள்ளைகள் யாராவது சும்மா இருக்கிறார்களா?" என்று கேட்பார். பெரும்பாலான வேலைகள் அந்த ஒரு போன் பேச்சில் முடிந்துவிடுகின்றன.

அந்தப் பேச்சில் மகளின் பெயர் அடிபட வேண்டும். இன்டர்ன்ஷிப் செய்த துறையின் மூத்த டெக்னாலஜிஸ்ட்டுக்கு இன்றைக்கே போன் செய்யச் சொல்லுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, அவரும் இப்படித்தான் வந்திருப்பார். சீனியர் மாணவர்களின் வாட்ஸ்அப் குழு எதிலும் மகள் இல்லையென்றால் உடனே சேர வேண்டும். சொசைட்டி ஆஃப் நியூக்ளியர் மெடிசின் இந்தியாவின் ஆண்டு மாநாடு எட்டும் தூரத்தில் நடந்தால் ரயில் டிக்கெட்டுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். என்னிடம் வந்த ஒரு மாணவர் எட்டு மாதம் இணையத்தில் தேடிக் களைத்துப்போய், மாநாட்டின் டீ இடைவேளையில் கிடைத்த ஒரு அறிமுகத்தில் வேலைக்குப் போனார். எய்ம்ஸ், ஜிப்மர், சண்டிகர் பிஜிஐ, டாடா மெமோரியல் மையம் போன்ற இடங்கள் மட்டும் தங்கள் இணையதளத்தில் முறையாக அறிவிக்கும். அவற்றை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். டாடா மெமோரியல் என்றால் மும்பை மட்டுமல்ல, வாரணாசி, குவாஹாட்டி, விசாகப்பட்டினத்திலும் அவர்களுக்கு மருத்துவமனை உண்டு. ஒப்பந்தப் பணியாக இருந்தாலும் போகலாம். முதல் இரண்டு வருட அனுபவத்துக்கு அங்கே கிடைப்பதுபோல வேறெங்கும் கிடைக்காது.

ஒரு சங்கடமான கேள்வி. மகளின் படிப்பு ஏஇஆர்பி சொல்லும் தகுதிக்குப் பொருந்துகிறதா? வேலூர் சிஎம்சி, ஜிப்மர், மணிப்பால் போன்ற இடங்களில் படித்திருந்தால் கவலையில்லை. பெயரில் மட்டும் நியூக்ளியர் என்று வைத்துக்கொண்டு, சொந்தமாக ஒரு காமா கேமராகூட இல்லாத கல்லூரிகளையும் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றில் படித்த பெண்ணுக்கு நேர்முகத் தேர்வெல்லாம் நன்றாக முடிந்து, சான்றிதழைச் சரிபார்க்கும்போது வேலை கைநழுவியது. மகளின் கல்லூரியில் முன்பு படித்தவர்கள் இப்போது உரிமம் உள்ள துறைகளில் வேலை பார்க்கிறார்களா என்று விசாரித்தாலே பாதி தெரிந்துவிடும். பொருந்தவில்லை என்றால் மேலே படிப்பதுதான் வழி. பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியக்க மருத்துவ மையம் நடத்தும் டிஎம்ஆர்ஐடி டிப்ளமோவுக்கு இந்தத் துறையில் தனி மரியாதை உண்டு. இடங்கள் குறைவு, போட்டி அதிகம்.

படிப்பு சரியாக இருந்தால் அடுத்த குறி ஆர்எஸ்ஓ, அதாவது கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரிக்கான தகுதி. மருந்தைக் கையாளவும் தெரியும், பாதுகாப்புப் பொறுப்பையும் ஏற்க முடியும் என்ற ஒருவர் வந்தால், புதிதாகத் தொடங்கும் சிறிய மையம் அவரை விடாது. சம்பளம் பேசும்போதும் இந்த ஒரு காகிதம் குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொடுக்கும்.

நேர்முகத் தேர்வில் பெரிய பெரிய இயற்பியல் கேட்பார்கள் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். நிஜத்தில் கேட்பது ஹாட் லேப், அதாவது கதிரியக்க மருந்தைத் தயார் செய்யும் அறையின் வேலை. காலை 8 மணிக்கு 20 மில்லிக்யூரி (கதிரியக்கத்தின் அலகு) டெக்னீசியம் இருக்கிறது, மதியம் 2 மணிக்கு எவ்வளவு மிஞ்சும்? பாதி, 10 என்று கண்ணிமைக்கும் நேரத்தில் வர வேண்டும். குப்பி கை தவறி உடைந்தால் முதலில் என்ன செய்வாய்? இதற்குத் "துடைப்பேன்" என்று சொல்பவர்கள் அங்கேயே தோற்றுவிடுகிறார்கள். அருகில் இருப்பவர்களை எச்சரித்து, யாரும் மிதித்து வெளியே கொண்டுபோகாமல் தடுத்து, உறிஞ்சும் தாளால் மூடி, அதன் பிறகுதான் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுத்தம் செய்வது. முடிவில் மிச்சக் கதிர்வீச்சைச் சர்வே மீட்டரால் அளப்பது. எஃப்டிஜி போட வந்தவருக்குச் சர்க்கரை அதிகமாக இருந்தால்? மருந்தின் கதிரியக்கத்தை அளக்கும் டோஸ் காலிபிரேட்டரைத் தினமும் எப்படிச் சோதிப்பாய்? குழந்தைக்கு நரம்பு கிடைக்கவில்லை என்றால்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வாயில் இல்லை, கையில் இருக்கிறது. ஊசி போடுவதில் கை தேர்ந்தவருக்கு வேலை சீக்கிரம் கிடைப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

சுகமான வேலை என்று சொல்லமாட்டேன். விடியற்காலையில் மருந்து வந்து இறங்கும்; அதற்கு முன் கருவிகளைச் சோதித்து முடித்திருக்க வேண்டும். அதனால் விடுதி மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். தொடக்கச் சம்பளம் உங்களை ஏமாற்றக்கூடும். என்ஜினீயரிங் படித்த உறவுக்காரப் பையனோடு ஒப்பிட்டு மகளின் மனதை நோகடிக்காதீர்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்தில் மட்டும் சேர வேண்டாம். என்னிடம் வந்த ஒரு பையன் அவற்றை மீட்க நான்கு மாதம் அலைந்தான்.

சரி, கல்யாண விஷயம். கதிர்வீச்சுப் பணியாளர் ஒருவர் வாங்கக்கூடிய அளவுக்குச் சட்ட வரம்பு உண்டு: ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அலகு), எந்த ஒரு ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. வயிற்றுக்கு ஒருமுறை சிடி எடுத்துக்கொள்ளும் நோயாளி ஏறக்குறைய 8 முதல் 10 வரை வாங்குகிறார். மகளின் சட்டையில் கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் படித்துக் கணக்கு எழுதுவார்கள். ஒழுங்காக நடக்கும் துறையில் டெக்னாலஜிஸ்ட்டின் அளவு வரம்புக்கு வெகு கீழேதான் நிற்கும். கர்ப்பம் தரித்தால் உடனே தெரிவிக்க வேண்டும். மீதிக் காலத்தில் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாதபடி வேலையை மாற்றிக்கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. இந்த வேலையில் இருந்துகொண்டே பிள்ளை பெற்று வளர்த்த பெண்கள் ஏராளம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் அந்த பேட்ஜ் அறிக்கையையே காட்டலாம். மேஜையில் பேட்ஜைக் கழற்றி வைத்துவிட்டு வேலை பார்க்கச் சொல்லும் இடமாக இருந்தால்தான் நீங்கள் பயப்பட வேண்டும். அங்கிருந்து மகளைக் கூட்டி வந்துவிடுங்கள்.

வளைகுடாவில் வேலை தேடலாம் என்று உங்கள் மைத்துனர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறில்லை, ஆனால் இப்போதைக்கு அல்ல. துபாய்க்கும் சவூதிக்கும் பொதுவாக இரண்டு வருட அனுபவமாவது கேட்பார்கள். அதற்குப் பிறகு டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பு, உரிமத் தேர்வு எல்லாம் உண்டு. ஏஜென்ட் யாராவது முன்பணம் கேட்டால் மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் அவர் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அதற்குள் இங்கேயே காட்சி மாறக்கூடும். லுட்டீசியம் 177 என்ற கதிரியக்கப் பொருளை வைத்துச் செய்யும் சிகிச்சைகளில் ஒன்றுக்கு 2018இலும், புரோஸ்டேட் புற்றுநோய்க்கானதற்கு 2022இலும் அமெரிக்கா அனுமதி தந்தது. இந்தியாவிலும் லுட்டீசியம் சிகிச்சை நடக்கிறது. ஸ்கேன் மட்டும் எடுத்துக்கொண்டிருந்த துறை மருந்து கொடுக்கும் துறையாகவும் வளர்கிறது. மகளுக்கு இரண்டு இடத்தில் வாய்ப்பு வந்தால் சம்பளம் ஆயிரம் இரண்டாயிரம் குறைந்தாலும் சிகிச்சை நடக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு அந்த எழுபது பெயர்களில் துறை இல்லாதவற்றை அடித்துவிட்டு மிச்சப் பட்டியலை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். கூடவே பயோடேட்டாவும். முதல் பக்கத்தில் பொழுதுபோக்கு என்று கோலம் போடுவதை எழுதியிருந்தால், அதை எடுத்துவிட்டு, இன்டர்ன்ஷிப்பில் எந்தெந்த ஸ்கேன் எத்தனை செய்தார், எந்த நிறுவனத்தின் கருவியில் செய்தார் என்று எழுதட்டும்.