பாலும் மரக்கட்டையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜமைக்காவில் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்து விளையாட்டுக் காட்டியதில் குழந்தைகளின் திறன் கூடியது என்று எழுதியிருந்தீர்கள். குழந்தைகள் எப்படியும் வளரத்தானே செய்கிறார்கள்? பேச்சே வராத குழந்தையின் திறனை எந்தத் தராசில் நிறுத்தார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எப்படியும் வளரும் என்பதால்தான் ஒரே குழந்தையின் முன்னையும் பின்னையும் ஒப்பிட்டுப் பயனில்லை. 1986-87இல் குழந்தை வளர்ச்சி ஆய்வாளர் சாலி கிரந்தம்-மெக்ரெகர் குழுவினர் ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைப் பகுதிகளில் வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் 9 முதல் 24 மாதத்துக்குள். குலுக்கல்போல நான்காகப் பிரித்தார்கள்: ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு, ஒன்றுக்கு விளையாட்டு, ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு எதுவுமில்லை. எதுவும் கிடைக்காத வீட்டுக்கும் வாரம்தோறும் ஆள் போய்க் காய்ச்சல், இருமல் உண்டா என்று விசாரித்தார். யாரோ வந்துபோன உற்சாகம்தான் காரணம் என்று தட்டிக்கழிக்க முடியாது.

நீங்கள் கேட்ட தராசு, சிறு குழந்தைகளின் வளர்ச்சியைச் சோதிக்கும் கிரிஃபித்ஸ் அளவுகோல். நடை, கேட்பதும் பேசுவதும், கண்ணும் கையும் இணைவது, புதிர் விடுவிப்பது எனத் தனித்தனியே மதிப்பெண். எனக்கு இங்கேதான் ஒரு உறுத்தல். வருகிறவர் கட்டை அடுக்கக் கற்றுத்தருகிறார். சோதனையிலும் கட்டை வருகிறது. கூடியது திறனா, பழக்கமா?

இரண்டு வருட முடிவில் பால் குடித்த பிரிவும் மதிப்பெண்ணில் ஏறியிருந்தது. அத்தோடு மூட்டை கட்டியிருந்தால் பாலும் விளையாட்டும் ஒன்றுதான் என்று எழுதியிருப்பார்கள். 11 வயதில் பார்த்தபோது பாலின் பலனைக் காணவில்லை. விளையாட்டின் பலன் இருந்தது. 22 வயதில் விளையாட்டுக் கிடைத்தவர்களின் சம்பாத்தியம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம். பழக்கம் என்ற என் சந்தேகம் அங்கே பெரும்பாலும் கரைந்தது. ஆனால் கொலம்பியாவில் இதே முறையை 96 நகராட்சிகளில் நடத்தியபோது, 18 மாத முடிவில் தெரிந்த முன்னேற்றம் அடுத்த இரண்டு வருடத்தில் மறைந்துவிட்டது. அங்கே யாரேனும் 22 வயதுவரை காத்திருந்து பார்த்தால் தேவலை.

இன்னொன்று. ஜமைக்காவில் 129 பேரில் 105 பேரை 22 வயதில் தேடிப்பிடித்தார்கள். விளையாட்டுக் கிடைத்தவர்களில்தான் வெளிநாடு போனவர்கள் அதிகம். அந்தச் சம்பளம் திறனின் கூலியா, ஊர் மாறியதன் கூலியா? கிளம்பிப் போகும் துணிவையும் திறனில் சேர்ப்பவன் நான். நீங்கள் சேர்ப்பீர்களா?