கிழக்குப் பார்த்த 40-க்கு 60 மனை: பிளானைப் பின்பக்கத்திலிருந்து திருத்துங்கள்

படிக்கிற மற்றவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சிக்கு வெளியே கிழக்குப் பார்த்த மனை, தெருவை ஒட்டி 40 அடி, உள்ளே 60 அடி. வீட்டில் அப்பா, அம்மா, நீங்கள் இருவர், இரண்டு குழந்தைகள். எஞ்சினியர் வரைந்ததில் முன்னால் அக்னி மூலையில் (தென்கிழக்கு) சமையலறை, நடுவே 16-க்கு 22 ஹால், அதன் மேல் மாடிக் கூரை வரை திறப்பு, கன்னி மூலையில் (தென்மேற்கு) பெற்றோர் அறை, வாயு மூலையில் (வடமேற்கு) மாடிப்படியும் ஒரு கழிவறையும், பின்பக்கம் மூன்றடி சந்து. இதில் எதை மாற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குத் தெரிகிற பெரிய குறை ஒன்றுதான், இந்த வீட்டுக்குப் பொடக்காலி, அதாவது வேலை செய்கிற பின்கட்டு, இல்லை. மூன்றடி சந்தில் ஒரு ஆள் பக்கெட்டோடு திரும்பக்கூட முடியாது. நம் பக்கத்து வீடுகளில் விடிகாலையிலிருந்து நடக்கிற வேலையில் முக்கால்வாசி பின்னால்தான் நடக்கிறது. பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது, மாவாட்டுவது, தேங்காய் உரிப்பது, மிளகாய் காயப்போடுவது, தோட்டத்திலிருந்து வாழைத்தார் வந்தால் இறக்கி வைப்பது, நோம்பிக்கு (பண்டிகைக்கு) ஒரம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், வந்தால் பெரிய அடுப்பு மூட்டிச் சோறாக்குவது, எல்லாமே அங்கேதான். பிளானில் இதற்கெல்லாம் இடமே இல்லையென்றால் அந்த வேலைகள் நின்றுவிடாது, சமையலறைக்குள்ளும் ஹாலுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்ளும். புது வீட்டு ஹாலில் துணி காய்கிற காட்சியை எத்தனை வீட்டில் பார்க்கிறோம்.

நான் ஈரோட்டுப் பக்கம் கூட்டுக் குடும்பத்தில் சமைக்கிறவள். எங்கள் வீட்டுப் பிளானையும் என் தங்கை வீட்டுப் பிளானையும் வரைந்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மாற்றியிருக்கிறேன், அதனால்தான் உங்களுக்கும் இதைச் சொல்கிறேன்: பின்சுவரில் ஆரம்பித்து முன்னால் வாருங்கள்.

முதல் மாற்றம் ஹாலில். 22 அடி நீளத்தை 16 ஆக்குங்கள். 16-க்கு 16 ஆசாரம் (ஹாலை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) ஆறு பேர் குடும்பத்துக்கு நன்றாகவே போதும். மிச்சமாகிற ஆறடியை அப்படியே பின்னால் தள்ளினால், இருக்கிற மூன்றடி சந்துக்கு முன்னால் ஆறடி அகலத்தில் வீட்டின் பின்பக்கம் முழுக்க ஒரு தாழ்வாரம் கிடைக்கும். கூரை போட்டது, தரை கொஞ்சம் சொரசொரப்பானது, ஒரு கடைசியில் துவைக்கிற கல்லும் வாஷிங் மெஷினும், இன்னொரு கடைசியில் கிரைண்டரும் தொட்டியும்.

உங்கள் மனைக்கு இதில் இன்னொரு பெரிய லாபம் இருக்கிறது. பின்பக்கம் என்பது உங்களுக்கு மேற்கு. பங்குனி, சித்திரையில் மத்தியான வெயில் முழுவதையும் வாங்குவது மேற்குச் சுவர்தான், ராத்திரி பத்து மணிக்குக் கை வைத்தால்கூடச் சூடு தெரியும். ஆறடித் தாழ்வாரம் இருந்தால் மூன்று மணி வெயிலில் சுவரின் பெரும்பகுதி நிழலில் இருக்கும். நாலு மணிக்கு மேல் சாய்ந்து வருகிற வெயிலுக்கு ஒரு மூங்கில் தட்டி போதும். அதே மேற்கிலிருந்துதான் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் ஊருக்குக் காற்றும் வருகிறது. வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆடி, ஆவணி தாண்டியும் அடிக்கிற காற்று அது. உடுமலை, பல்லடம் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். இப்போது இருக்கிற பிளான் அந்தக் காற்றுக்கு மாடிப்படிச் சுவரையும் கழிவறைச் சுவரையும் காட்டுகிறது, எனக்கு அதுதான் மனசு ஆறவில்லை. பின்கதவையும் முன்வாசலையும் நேர்கோட்டில் வையுங்கள், பழைய வீடுகளில் வைத்த மாதிரியே. பொள்ளாச்சிச் சாரல் அடித்தாலும் தாழ்வாரம் இருப்பதால் கதவைச் சாத்த வேண்டியிருக்காது.

அடுத்தது சமையலறை. கிழக்குப் பார்த்த வீட்டில் அக்னி மூலை என்பது தெருப்பக்கம் வந்துவிடும். வாஸ்துப்படி சரிதான், ஆனால் சமைக்கிறவள் ஒவ்வொரு தடவையும் முழு வீட்டையும் கடந்து பின்னால் போக வேண்டும், எச்சில் பாத்திரம் ஹால் வழியாகப் போகும். வாயு மூலையிலும் சமையலறை வைக்கலாம் என்பது வாஸ்து பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிற இரண்டாவது இடம், கிழக்கே பார்த்துச் சமைக்கிற மாதிரி அடுப்பு மேடை வந்தால் யாரும் மறுக்கமாட்டார்கள். அங்கிருக்கிற படியையும் கழிவறையையும் எடுத்தால் 10-க்கு 11 சமையலறை வந்துவிடும், கதவைத் திறந்தால் தாழ்வாரம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மேற்குக் காற்று சமையலறைக்குள் புகுந்து ஹாலுக்குப் போனால் தாளிக்கிற நெடி முழுக்க ஆசாரத்தில்தான் நிற்கும். அதனால் காற்று வருகிற வழி சமையலறைக்கும் பெற்றோர் அறைக்கும் நடுவில் ஒரு நாலடி நடையாக இருக்கட்டும், புகை வெளியேற்றும் ஃபேன் வடக்குச் சுவரில் இருக்கட்டும்.

மாடிப்படியை முன்னால் அக்னி மூலைக்குக் கொண்டுவாருங்கள். இப்போது படிக்கு 6-க்கு 9 அடிதான் ஒதுக்கியிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். திரும்புகிற மேடைக்கு மூன்றடி போனால் மிச்சம் ஆறடி, பத்து அங்குலப் படியாக வைத்தால் ஒரு பக்கத்துக்கு ஏழுதான் வரும், ஆக இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாறு ஏற்றம். தளத்துக்குத் தளம் 10 அடி என்றால் ஒவ்வொன்றும் ஏழரை அங்குல உயரம். வயசானவர்களுக்கு அது மலையேற்றம். சமையலறை இருந்த 11 அடி நீளத்தில் வைத்தால் ஒரு பக்கத்துக்கு ஒன்பது படி, மொத்தம் இருபது ஏற்றம், ஒவ்வொன்றும் சரியாக ஆறு அங்குலம். முன்னாலேயே படி இருப்பதால் நாளைக்கு மாடியை வாடகைக்கு விட நினைத்தாலும் வழி சுலபம். அப்புறம், படியை ஒட்டி மீதமிருக்கிற இடத்தில் வருகிறவர்களுக்கான கழிவறை வைத்துவிடலாம்.

மாடி வரை திறந்த ஹாலை விட்டுவிடச் சொல்வேன். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இருபதடி உயரத்தில் ஒட்டடை அடிப்பது யார்? மூடினால் மாடியில் 256 சதுர அடி கிடைக்கும், குழந்தைகளுக்குப் படிக்கிற இடம்.

பெற்றோர் அறை கன்னி மூலையில் இருப்பது நல்லது, அங்கேயே இருக்கட்டும். அவர்கள் குளியலறையைத்தான் மாற்ற வேண்டும். 4-க்கு 7, கதவு இரண்டேகால் அடி என்று போட்டிருக்கிறீர்கள். நாளைக்கு வாக்கர் பிடித்துக்கொண்டு நடக்கிற நிலை வந்தால், அல்லது ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியிருந்தால், அந்தக் கதவுக்குள் இரண்டு பேர் சேர்ந்து நுழைய முடியாது. கதவு மூன்றடி இருக்கட்டும், அறை ஐந்தரைக்கு எட்டாவது இருக்கட்டும், வாசலில் படியோ திட்டோ வேண்டாம். கதவு வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வையுங்கள். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கிற கதவை அவர்கள் உடம்பே அடைத்துக்கொள்ளும். கைப்பிடி இப்போது மாட்டாவிட்டாலும் பரவாயில்லை, மாட்ட வேண்டிய சுவர் செங்கல் சுவராக இருக்கட்டும்.

மனையடிக் கணக்கு, அதாவது அறையின் நீள அகலம் எத்தனை அடி இருந்தால் நல்லது என்கிற சாஸ்திரம், பார்ப்பவர்கள் என்றால் (அப்பா பார்ப்பார் என்று எழுதியிருந்தீர்கள்) 12 முதல் 15 வரை அடிகளைத் தவிர்த்து 11, 16 என்று போடச் சொல்வார்கள். அந்தக் கணக்கு பூச்சுக்குப் பிறகான உள்ளளவுக்கு. இரண்டு பக்கமும் அரை அங்குலம் பூச்சு போகும், ஆகவே கட்டும்போது 11 அடி 1 அங்குலம் விட்டால்தான் கடைசியில் 11 நிற்கும். மேஸ்திரியிடம் வாயால் சொன்னால் போதாது, பிளானிலேயே பூச்சுக்குப் பிந்தைய உள்ளளவு என்று எழுதி வாங்குங்கள். எங்கள் உறவில் ஒரு வீட்டில் பூச்சு முடிந்தபின் அளந்து பார்த்துவிட்டுப் பெரியவர் பால் காய்ச்சவே வரமாட்டேன் என்றார்.

தண்ணீர் பிளானில் வரவே இல்லை. நல்ல தண்ணிக்குத் தனித் தொட்டி, போரில் வருகிற சப்பைத் தண்ணிக்கு (உப்புத் தண்ணி) தனித் தொட்டி, தனிக் குழாய். இதைச் சுவர் எழும்புவதற்கு முன்னால் வரைந்துகொள்ள வேண்டும். ஈசானி மூலையில் (வடகிழக்கு) 6-க்கு 6, ஐந்தடி ஆழம் எடுத்தால் சுமார் 5,000 லிட்டர் நிற்கும், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் கணக்கில் ஆறு பேருக்கு ஆறு நாள் தாங்கும். மழைநீர்க் குழியையும் இப்போதே குறித்துவிடுங்கள், 2003-லிருந்து கட்டாயம்.

இன்னொன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எஞ்சினியர் சொன்னது, வாஸ்துக்காரர் சொன்னது, அப்பா சொன்னது எல்லாம் கேள்வியில் இருக்கிறது. அம்மாவும் உங்கள் வீட்டம்மாவும் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி இல்லை. அந்த வீட்டில் அதிக நேரம் நிற்கப்போவது அவர்கள்தான். மனையில் சுண்ணாம்புப் பொடி போட்டு முழு அளவில் கோடு இழுத்து, இரண்டு பேரையும் கூட்டிப்போய் நடக்கவிடுங்கள். அடுப்பு இங்கே, தொட்டி இங்கே என்று நின்று பார்க்கட்டும். சாயங்காலம் நாலு மணிக்குப் போங்கள், வெயிலும் காற்றும் எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காகிதத்தில் 10-க்கு 11 என்றால் பெரும்பாலானவர்களுக்குப் புரியாது, கோட்டுக்குள் நின்றால் இரண்டு நிமிடத்தில் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இதெல்லாம் அனுமதிக்குப் போகும் முன் முடிய வேண்டும். உங்கள் மனை 2,400 சதுர அடி. 2024 ஜூலையில் வந்த சுய சான்று முறையில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமும் கட்ட ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கும். சுலபமாகக் கிடைக்கிறதே என்று பழைய பிளானையே ஏற்றிவிடாதீர்கள், அப்புறம் கட்டுகிறது ஒன்று, காகிதத்தில் இருப்பது ஒன்று என்று ஆகிவிடும். திருத்தி வரைந்ததும் உள்ளளவோடு இங்கேயே போடுங்கள், மாடியை அப்போது பார்க்கலாம்.