அப்பாவின் பிஸ்டல் கைக்கு வந்தால்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அப்பா காலமாகி மூன்று மாதம் ஆகிறது. அவருடைய அலமாரியைக் காலி செய்தபோது தோல் உறைக்குள் ஒரு பிஸ்டல் கிடைத்தது. உரிமம் அவர் பெயரில் இருக்கிறது. உள்ளே தோட்டா இருக்கிறதா என்பதுகூட எனக்குத் தெரியாது. முதலில் என்ன செய்வது?

எடுத்த இடத்திலேயே வைத்துப் பூட்டுங்கள். சாவி உங்களிடம் மட்டும் இருக்கட்டும். அடுத்த வேலை, உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ போன் செய்வது. பெரும்பாலான நாடுகளில் உரிமம் என்பது ஆளுக்குக் கொடுக்கப்பட்டது. அவர் இறந்ததும் அது பிள்ளைகளுக்குத் தானாக வந்து சேராது. பெயர் மாறும் வரை காவல் துறையிடமோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்து வைக்கும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. அப்படி ஒப்படைத்தால் வரிசை எண்ணோடு ரசீது வாங்குங்கள். பையில் போட்டுக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போய் நிற்காதீர்கள். எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். பல சமயம் அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள்.

துப்பாக்கியைத் தொட்டே பழக்கமில்லை என்றால் தோட்டாவை வெளியே எடுக்கும் வேலையையும் தெரிந்தவரிடம் விடுங்கள். பழக்கம் உள்ளவர்களுக்கும் ஒரு சொல்: வரிசையை மாற்றாதீர்கள். குழல் யாரும் இல்லாத பக்கம் பார்க்க வேண்டும், விரல் விசையை (டிரிகரை) சுற்றியுள்ள வளையத்துக்கு வெளியே இருக்க வேண்டும். முதலில் மேகசினை, அதாவது கைப்பிடிக்குள் செருகியிருக்கும் தோட்டாப் பெட்டியை, வெளியே எடுங்கள். அதன் கொண்டி விசைக்குப் பின்னால் பொத்தானாகவோ கைப்பிடியின் அடியில் பல்லாகவோ இருக்கும். அதன் பிறகே ஸ்லைடை, அதாவது முன்னும் பின்னும் நகரும் மேல் பகுதியை, பின்னால் இழுக்க வேண்டும். அறையில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தில், தோட்டா இருந்தால் வெளியே விழும். அதை உள்ளங்கையால் மூடிப் பிடிக்கப் பார்க்காதீர்கள். ஸ்லைடைத் திறந்தபடி நிறுத்தி, அறைக்குள் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள்.

இந்த வரிசை ஏன் முக்கியம்? மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்தால் ஒரு தோட்டா வெளியே வரும், ஸ்லைடு திரும்பும்போது அடுத்தது அறைக்குள் ஏறிவிடும். அதற்குப் பிறகு மேகசினைக் கழற்றி 'காலி' என்று நினைப்பவர் கையில் இருப்பது வெடிக்கத் தயாரான துப்பாக்கி. மேகசின் இல்லாவிட்டால் வெடிக்காது என்ற நம்பிக்கை அதைவிட மோசம். பிரவுனிங் ஹை-பவர் போன்ற சிலவற்றில் அப்படி ஒரு தடுப்பு உண்டு. கோல்ட் 1911 மாதிரி பிஸ்டல்களில் கிடையாது.

ஸ்லைடு அசையவில்லையா? சில மாடல்களில் சேஃப்டி (பாதுகாப்புக் கொண்டி) போட்டிருந்தாலே ஸ்லைடு பூட்டிக்கொள்ளும். அது காரணம் இல்லையென்றால் பழைய எண்ணெய் கெட்டிப்பட்டிருக்கும், அல்லது துரு பிடித்திருக்கும். தட்டாதீர்கள், நெம்பாதீர்கள். உள்ளே தோட்டா இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, எங்கும் எடுத்துச் செல்லாமல் காவல் துறைக்கோ பழுது பார்ப்பவருக்கோ தகவல் சொல்லுங்கள்.

கேள்வி: உரிமம் என் பெயருக்கு மாறிவிட்டது. அப்பாவுடையது வால்தர் பிபி. ஸ்லைடில் 7.65 என்று மட்டும் போட்டிருக்கிறது. எந்தத் தோட்டா வாங்குவது? இது எந்தக் காலத்தது?

வால்தர் பிபி என்றால் 7.65 பிரவுனிங். அதே தோட்டாவைத்தான் .32 ஏசிபி என்றும் சொல்கிறார்கள். பெயர் இரண்டு, பொருள் ஒன்று. ஆனால் '7.65 கொடுங்கள்' என்று மட்டும் கேட்டு வாங்கக் கூடாது. 7.65 பாராபெல்லம் என்று கழுத்து ஒடுங்கிய வேறொரு தோட்டா இருக்கிறது, 7.65 லாங் என்று நீளமான இன்னொன்றும் இருக்கிறது. எனவே முழுப் பெயரையும் சொல்லுங்கள்.

இதைவிடப் பெரிய குழப்பம் 9 மி.மீ. பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கு. 9 குர்ஸ், அதாவது .380 ஏசிபி, 17 மி.மீ. நீளத் தோட்டாக் கூடு. மகாரோவ் 18, பாராபெல்லம் 19, லார்கோ 23. ஒன்று ஒன்றாக ஏறும் எண்களைப் பார்த்து 'ஏறக்குறைய ஒன்றுதானே' என்று தோன்றும். மகாரோவின் குண்டு பாராபெல்லத்தின் குண்டைவிடத் தடித்தது: ஏறத்தாழ 9.27 மி.மீ., மற்றது 9.02 மி.மீ. குர்ஸுக்குச் செய்த சிறிய பிஸ்டல் பாராபெல்லத்தின் அழுத்தத்தைத் தாங்காது. அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டதாலேயே அது சரியான தோட்டா ஆகிவிடாது. துப்பாக்கியில் தோட்டா வகையைச் சொல்லும் முத்திரை தேய்ந்திருந்தால் பழுது பார்ப்பவர் அறைக்கு அச்சு வார்த்து அளந்து சொல்வார்.

காலத்தை அறிய ஸ்லைடின் இடப்பக்கம் ஊர்ப் பெயரைப் பாருங்கள். பிபி 1929-இல் வந்தது. ஸெல்லா-மேலிஸ் என்றிருந்தால் 1945 வரையான தயாரிப்பு, உல்ம் என்றால் போருக்குப் பிந்தையது. அடுத்தது சோதனை முத்திரை, அதாவது துப்பாக்கியைச் சுட்டுச் சோதித்த பிறகு அடிக்கும் முத்திரை. அரிசியளவு இருக்கும், பூதக்கண்ணாடி வேண்டும். மகுடத்தின் கீழ் ரோமன் 'என்' இருந்தால் 1940-க்கு முந்தைய ஜெர்மன் சோதனை, கழுகின் கீழ் 'என்' இருந்தால் அதற்குப் பிந்தையது. சட்டத்திலும் (ஸ்லைடைத் தாங்கும் கீழ் உடல், ஃபிரேம்) ஸ்லைடிலும் எண் அடித்திருந்தால் இரண்டும் ஒத்துப்போகின்றனவா பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் எப்போதோ ஒரு பாகம் மாற்றப்பட்டிருக்கிறது. எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

.32 தோட்டாவின் அடிவிளிம்பு உடலைவிடச் சற்றே அகன்றது. மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால் எத்தனை முறை ஸ்லைடை இழுத்தாலும் ஏறாது. நிரப்பும்போது ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் அடியிலுள்ளதற்கு முன்னால் நிற்கும்படி வையுங்கள்.

கேள்வி: அப்பா கொடுத்த .45 கோல்ட் 1911. முப்பது வருடமாகச் சுத்தம் செய்யவில்லை. நானே செய்யலாமா?

செய்யலாம். ஆனால் எவ்வளவு கழற்றுவது என்பதில் கட்டுப்பாடு வேண்டும். ஸ்லைடு, குழல், ஸ்பிரிங் வரை கழற்றினால் போதும். விசைப் பகுதியைப் பிரிப்பது வேறு வேலை; அதற்கு ஆள் இருக்கிறார்.

காலி என்று இரண்டு முறை பார்த்த பிறகு, தோட்டாக்களை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு உட்காருங்கள். குழலின் கீழே ஸ்பிரிங் மூடி இருக்கும். அதைக் கட்டை விரலால் நன்றாக அழுத்திக்கொண்டு, குழல் முனையில் உள்ள வளையத்தைக் கால் சுற்றுத் திருப்புங்கள். ஸ்பிரிங் முழு அழுத்தத்தில் இருக்கும், விரல் நழுவினால் மூடி கண்ணை நோக்கிப் பாயும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளி, அதிலுள்ள சிறிய அரைவட்ட வெட்டை ஸ்லைடு ஸ்டாப்பின் (ஸ்லைடைத் திறந்தபடி நிறுத்தும் கொண்டி) முனைக்கு நேராகக் கொண்டுவந்து, வலப்பக்கத்திலிருந்து அதன் ஊசியைத் தள்ளினால் ஸ்டாப் இடப்பக்கமாக வந்துவிடும். ஸ்லைடு முன்பக்கமாகக் கழன்றுகொள்ளும்.

குழலை அறைப் பக்கத்திலிருந்துதான் துடைக்க வேண்டும். முனைப் பக்கம் கம்பி உரசினால் வாய் விளிம்பு தேயும், குறி தவறும். கரைப்பான் நனைத்த துணித் துண்டை ஒரு முறை ஓட்டிவிட்டு, கால் மணி நேரம் ஊற விட்டு, வெண்கலத் தூரிகையை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு முழுமையாகப் பத்துப் பன்னிரண்டு முறை தள்ளுங்கள். பாதியில் திருப்பினால் தூரிகையின் மயிர் மடங்கும். பிறகு துணி சுத்தமாக வரும் வரை ஓட்டலாம். துணியில் நீலப்பச்சை வந்துகொண்டே இருந்தால் அது குழலில் உள்ள செம்பாக இருக்கலாம், செம்பு கரைப்பானில் உங்கள் தூரிகையே கரைவதாகவும் இருக்கலாம். நைலான் தூரிகையில் ஒரு முறை செய்து பார்த்தால் தெரிந்துவிடும். நிக்கல் பூசிய துப்பாக்கியில் அம்மோனியா கலந்த கரைப்பானை ஊற விடக் கூடாது. பூச்சின் அடியிலிருக்கும் செம்பைத் தின்று, பூச்சை உரித்துவிடும்.

இங்கே 1911-க்கு உரிய ஒரு எச்சரிக்கை. 1950-களின் தொடக்கம் வரை அமெரிக்க ராணுவத்தின் .45 தோட்டாக்களில் தீப்பற்றும் மருந்து பொட்டாசியம் குளோரேட் கலந்தது. வெடித்தபின் குழலில் தங்குவது ஒரு வகை உப்பு. அது காற்றின் ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. அதன் மேல் போர்வை போலப் படியும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட தோட்டா சுடப்பட்டிருந்தால் குழலைச் சுடுதண்ணீரில் கழுவி, முழுக்க உலர்த்தி, அதற்குப் பிறகே எண்ணெய் விட வேண்டும். துப்பாக்கியில் தண்ணீரா என்று தயங்குகிறவர்கள்தான் குழலை இழக்கிறார்கள்.

எண்ணெய் ஸ்லைடின் தண்டவாளங்களில் இரண்டிரண்டு சொட்டு, குழலின் வெளிப்பக்கம் லேசான தடவல். ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி) ஓடும் துளைக்குள் மட்டும் விடவே கூடாது. அங்கே எண்ணெய் காய்ந்து பிசினானால் பின் மந்தமாக அடிக்கும். அல்லது முன்னே நீட்டியபடியே சிக்கி, ஸ்லைடு மூடும்போதே தோட்டா வெடிக்கும்.

மாட்டும்போது ஒரே ஓர் இடத்தில் நிதானம் வேண்டும். ஸ்லைடு ஸ்டாப்பைத் திரும்பச் செருகும்போது அதன் நுனி சட்டத்தில் இழுபட்டு, பிறை வடிவில் ஒரு கீறல் விழும். எத்தனையோ பழைய 1911-களின் இடப்பக்கத்தில் ஸ்டாப்புக்குக் கீழே இந்தப் பிறையைப் பார்க்கலாம். அந்த இடத்தில் ஒட்டுத்தாள் ஒட்டி, ஊசியைக் குழலின் இணைப்பு வளையத்துக்குள் நுழைத்து, நுனியை மேலே வரவேண்டிய இடத்துக்குக் கிட்டே வைத்து, நேராக உள்ளே அழுத்துங்கள். வளைத்து மேலேற்றாதீர்கள்.

முடித்ததும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கை கழுவுங்கள். அழுக்கில் ஈயம் இருக்கும்.

கேள்வி: நீல மெருகு பாதி போய்விட்டது, ஓரங்களில் துரு. புதிதாக மெருகு போட்டுத் தருகிறேன் என்கிறார் ஒருவர். போடலாமா?

வேண்டாம். மெருகு போட முதலில் தேய்த்து மழமழப்பாக்குவார்கள். அதில் எழுத்துகளின் ஓரம் மழுங்கும், சோதனை முத்திரைகள் அழியும், சேகரிப்பவர்களிடம் மதிப்பு விழும். வரிசை எண் சிதைந்தால் சட்டச் சிக்கலும் சேரும். உங்கள் அப்பாவின் கை பட்டுத் தேய்ந்த இடங்களும் அதோடு போய்விடும். அதை எந்தப் பட்டறையாலும் திரும்பப் போட முடியாது.

துருவை நிறுத்தினால் போதும். துரு மேல் எண்ணெய் தடவி ஒரு நாள் விட்டு, நான்கு சுழி எண்ணுள்ள மிக மெல்லிய ஸ்டீல் உல்லையும் எண்ணெயில் நனைத்து மெதுவாகத் தடவுங்கள். செந்நிறம் போகும், கருமை நிற்கும். வினிகரும் கடைத் துருநீக்கிகளும் பக்கத்திலேயே வரக் கூடாது. நீல மெருகும் இரும்பு ஆக்சைடுதான், துருவைக் கரைப்பது அதையும் கரைக்கும். கைப்பிடித் தகடுகளைக் கழற்றி அடியில் பார்க்க மறக்காதீர்கள். வியர்வை இறங்கித் துரு ஒளிந்திருப்பது அங்கேதான். திருகுப் பள்ளத்தில் இம்மியும் ஆடாமல் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: பழைய தோட்டாப் பெட்டியும் இருக்கிறது. பயன்படுத்தலாமா?

வேண்டாம். பித்தளையில் பச்சை பூத்திருந்தாலோ கூட்டில் விரிசல் இருந்தாலோ பேச்சுக்கே இடமில்லை. நன்றாகத் தெரிந்தாலும் எப்படி வைக்கப்பட்டது என்று தெரியாத தோட்டா வலுக்குறைந்து வெடித்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும், அடுத்தது அதன் மேல் மோதும். குழலை வெளிச்சத்தில் பார்க்கும்போது உள்ளே கரிய வளையம் ஒன்று தெரிந்தால் அங்கே முன்பே இப்படி நடந்திருக்கிறது. அந்தக் குழல் சுட உதவாது. தோட்டாக்களைக் குப்பையில் போடாமல் காவல் துறையிடமோ விற்பனையாளரிடமோ கொடுங்கள்.

கேள்வி: சுடும் முன் பழுது பார்ப்பவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

தோட்டா இடைவெளியை (ஹெட்ஸ்பேஸ், அதாவது தோட்டா அறைக்குள் சரியாக உட்காருவதற்கான இடைவெளி) அளவுகோல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்லைடிலும் சட்டத்திலும் விரிசல், ஃபயரிங் பின்னின் முனை, ஹேமர் (ஃபயரிங் பின்னை அடிக்கும் சுத்தியல்) நிற்கும் படியின் தேய்மானம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் எல்லாம் புதிதாகப் போடுங்கள். இதில் சிக்கனம் வேண்டாம். ஐந்து அங்குலக் குழலுள்ள .45 1911-க்கு வழக்கமான ரீகாயில் ஸ்பிரிங் (ஸ்லைடை முன்னுக்குத் திருப்பும் ஸ்பிரிங்) 16 பவுண்டு. அசல் ஸ்பிரிங்கைப் பெயர் எழுதிய உறையில் போட்டு வையுங்கள். மேகசினின் உதடுகள் விரிந்திருந்தால் தோட்டா மூக்கு தூக்கிச் சிக்கும். பழைய மேகசினை நிமிர்த்தப் பார்ப்பதைவிடப் புதிது வாங்குவது நல்லது. 'பாலிஷ் வேண்டாம், எந்தப் பாகத்தையும் கேட்காமல் மாற்றக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

1911-இன் சேஃப்டியை நீங்களே சோதிக்கலாம். காலித் துப்பாக்கியில் ஹேமரை ஏற்றி, சேஃப்டி போட்டு, கைப்பிடியை இறுகப் பிடித்து விசையை அழுத்துங்கள். ஹேமர் விழக் கூடாது. விசையை விட்டுவிட்டு, சேஃப்டியை எடுங்கள். அப்போதும் விழக் கூடாது. விழுந்தால் பாகம் தேய்ந்திருக்கிறது, சரிசெய்யும் வரை அதில் தோட்டா ஏறக் கூடாது. சரியாக இருந்தாலும், 1983-இல் வந்த கோல்ட் சீரீஸ் 80 வகைக்கு முந்தைய பெரும்பாலான 1911-களில் ஃபயரிங் பின்னைத் தடுத்து நிறுத்தும் அமைப்பு இல்லை என்பது நினைவிருக்கட்டும். கீழே விழுந்தால் வெடிக்கக்கூடியது என்றே கையாளுங்கள்.

கேள்வி: சுடப்போவதில்லை, நினைவாக வைத்திருக்கத்தான். எப்படி வைப்பது?

தோல் உறையில் வைக்காதீர்கள். தோல் ஈரம் பிடிக்கும், பதனிட்ட உப்பும் அமிலமும் இரும்பைத் தின்னும். பஞ்சு மெத்தை வைத்த பெட்டியும் அப்படித்தான். கைரேகையைத் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு இரும்புப் பெட்டகத்தில், ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வையுங்கள். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தலாம். தோட்டா வேறு பூட்டில், சாவி வேறு இடத்தில். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துக் கையுறையோடு துடைத்து வைத்தால் போதும்.

கேள்வி: விற்றுவிடலாம் என்றால்?

முதலில் விலை சொன்னவரிடமே கொடுத்துவிடாதீர்கள். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு பேரிடம் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். அதற்கு முன் சுத்தம்கூடச் செய்ய வேண்டாம். அப்பா வைத்திருந்த ரசீது, பழைய உரிமம், அசல் பெட்டி, உறை, கூடுதல் மேகசின் எதையும் பிரித்துத் தராதீர்கள். கைமாறிய அன்றே அலுவலகப் பதிவேட்டில் உங்கள் பெயர் நீக்கப்பட்டதற்கான சான்றை வாங்கிக்கொள்ளுங்கள்.