சிப்பிப்பாறை, கன்னி: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அண்ணா, சிப்பிப்பாறை சங்க காலத்து நாய் என்கிறார்களே, நிஜமா?

பதில்: புறநானூற்று 33-ஆம் பாட்டு ‘கதநாய் வேட்டுவன்’ என்று முதல் வரியிலேயே சொல்கிறது. கதம் என்றால் சினம். வேட்டைநாய் இங்கே அவ்வளவு பழசு. ஆனால் அதற்கு ஒட்டிய வயிறா, நீண்ட மூஞ்சியா என்று பாட்டில் இல்லை. அதை வைத்துச் சிப்பிப்பாறைக்குப் பட்டயம் எழுத முடியாது தம்பி. பெயர் வந்தது சாத்தூர் பக்கத்து ஊரிலிருந்து.

கேள்வி: கன்னி வேறா?

பதில்: உடல்வாகு ஏறக்குறைய ஒன்றுதான். கறுப்பு உடம்பில் பழுப்பு மறை இருந்தால் கன்னி. வெளிர் நிறத்தைப் பாலக்கன்னி என்பார்கள். கல்யாணப் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்ததால் இந்தப் பெயர் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு.

கேள்வி: ராஜபாளையம்?

பதில்: அது கனத்த, வெள்ளை, காவல் நாய். 2005-இல் தபால்தலையில் ஏறியதும் அதுதான்.

கேள்வி: என் எட்டு மாதச் சிப்பிப்பாறை வீட்டில் சாது. கேட்டைத் திறந்தால் அம்பு மாதிரி போய்விடுகிறது, கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. பழக்கம் தவறா?

பதில்: உங்கள் தவறில்லை அக்கா. மோப்ப நாய் மூக்கால் வேட்டையாடும், இது கண்ணால். கரிசல்காட்டுப் பொட்டலில் ஓடுகிற முயலைப் பார்த்ததும், ஆள் உத்தரவுக்குக் காத்திராமல் தானே பாய வேண்டும்; தலைமுறை தலைமுறையாக அதற்கென்றே பொறுக்கி எடுத்த நாய். பாய்ச்சலில் நாலு காலும் ஒருமுறை ஊன்றி முடிகிற ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை அத்தனை காலும் தரையை விட்டு எழும்பும். அந்த நேரம் உங்கள் குரல் அதற்குக் காற்று. வீட்டிலோ பூனைதான்: ஓரமாகச் சுருண்டு கிடக்கும், ஒருவரிடம் ஒட்டிக்கொள்ளும், புது ஆளிடம் விலகி நிற்கும். அதட்டினால் ஒடுங்கிவிடும், அடித்தால் அந்த நம்பிக்கை திரும்பாது. சுவர் சூழ்ந்த இடத்தில் மட்டும் அவிழ்த்துவிடுங்கள். தெருவில் வார் கட்டாயம். தலை ஒடுங்கியது என்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டை நழுவிவிடும், இழுத்தால் சற்றே இறுகும் அகலப் பட்டை வாங்குங்கள்.

கேள்வி: காட்டில் முயலுக்கு விடலாமா?

பதில்: கூடாது. 1972 வனவிலங்குச் சட்டப்படி அது வேட்டை, குற்றம். கயிற்றில் துணி கட்டி இழுத்து ஓடவிடு, அதற்கு அது போதும்.

கேள்வி: கருத்தடை செய்யப் போகிறோம். ஏதாவது கவனிக்கணுமா ஐயா?

பதில்: ஆமாம். இந்த வகை நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு. தயோபென்டோன் போன்ற மயக்க மருந்து சீக்கிரம் இறங்காது, விழிக்க வெகுநேரமாகும். வேட்டைநாய் வகை என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிந்ததும் போர்த்தி வையுங்கள், சட்டென்று குளிர்ந்துவிடும்.